மீட்டிங் இருந்த நாட்கள்: ஒரு பனியன் கம்பெனி சூப்பர்வைசர் குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

எங்கள் ஆலோசனைப் பதிவேட்டில் இது முதலில் 'மாமியார் மருமகள் தகராறு' என்றுதான் பதிவானது. மாமியார் மகனைத் தூண்டிவிடுகிறார் என்றார் மருமகள். மருமகள் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து மகனுக்கு நேரத்துக்குச் சோறில்லை, அதனால்தான் குடிக்கிறான் என்றார் மாமியார். இரண்டு பேரையும் எங்கள் படியேற வைத்தது எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். கணக்கு ஆசிரியர் நோட்டில் எழுதிய குறிப்பை அப்பா பார்க்கக்கூடாது என்று அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டாள். பள்ளியில் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார்கள். ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். கணவர் வேலை செய்யும் பனியன் கம்பெனியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன்.

குடும்பம்

கணவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. காங்கேயம் பக்கம் மேட்டாங்காட்டு விவசாயக் குடும்பம். கிணறு வற்றிய பிறகு, பிளஸ் டூ முடித்த கையோடு திருப்பூருக்கு வந்தவர். கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து, ஓவர்லாக் மெஷின் பழகி, டெய்லராகிப் பிறகு ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஒரு லைனுக்கு, அதாவது ஒரு தையல் மெஷின் வரிசைக்கு, சூப்பர்வைசர் ஆனார். திருப்பூரில் பலருக்கும் இதுதான் ஏணி. மனைவி பல்லடம் பக்கம். வேறொரு கம்பெனியில் செக்கிங். இரண்டு பிள்ளைகள், கணவரின் அம்மா. அனுப்பர்பாளையத்துக்கு அருகே ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒரு ஹால், ஒரு சமையலறை. இந்த அளவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குடி பற்றி முதலில் கேட்டோம். திருப்பூரில் எந்த வீட்டுப் பிரச்சினைக்கும் முதல் கேள்வி அதுதான். கேட்க வேண்டிய கேள்வியும்தான். இவர் சனிக்கிழமை சம்பளத்தன்று மட்டும் குடிப்பவர். திருமணத்துக்கு முன்பிருந்தே அப்படி. அளவு கூடியிருக்கிறதா என்றால் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் மனைவி சொன்ன மோசமான ராத்திரிகள் பெரும்பாலும் செவ்வாய், புதன் போன்ற குடிக்காத நாட்கள். குடியை மட்டும் குற்றவாளியாக்கினால் இந்த இடத்தில் கணக்கு இடிக்கிறது.

கம்பெனிக்குள்

கணவர் தனியாகப் பேசச் சம்மதித்த பிறகுதான் கதை திறந்தது. அவர் இருந்த யூனிட்டுக்குப் புதிதாக ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் வந்திருந்தார். வேலை தெரிந்தவர், அதில் சந்தேகமில்லை. லைனைப் பார்த்த மாத்திரத்தில் எந்த மெஷினில் பீஸ் தேங்குகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் எதைச் சொல்வதென்றாலும் எல்லோரும் பார்க்கச் சொல்வதுதான் அவர் வழக்கம்.

காலையில் சூப்பர்வைசர்கள் மீட்டிங். முந்தைய நாள் டார்கெட் எட்டாதவர்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும். உட்காரச் சொல்லும் வரை உட்காரக்கூடாது. சில நாள் மீட்டிங் முடியும் வரையிலும் சொல்லமாட்டார். அப்புறம் லைன். ஒவ்வொரு லைன் தலைமாட்டிலும் மணிவாரியாக எத்தனை பீஸ் என்று எழுதும் போர்டு இருக்கும். இலக்கு குறைந்த மணிக்கு நேரே சிவப்பு மார்க்கரில் வட்டம் போட்டுவிட்டு, மெஷின் சத்தத்துக்கு மேல் கத்துவார். தன்னைவிட இளையவர் 'டேய்' என்று கூப்பிட, தனக்குக் கீழே தைக்கும் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருமுறை டேமேஜ் பீஸ் கட்டை இவர் நெஞ்சின் மேல் எறிந்தார். "அடிச்சிருந்தாக் கூடப் பரவால்லீங்க. பத்து வருசமா என்னை அண்ணான்னு கூப்பிட்ட புள்ளைங்க முன்னாடி எறிஞ்சாருங்க" என்றார் கணவர்.

இவரும் கத்தியிருக்கிறார். அதை மறைக்கவில்லை. "நான் கத்தலைன்னா பீஸ் வராதுங்க. பீஸ் வரலைன்னா அவரு கத்துவாரு." மீட்டிங்கில் வாங்கியதை லைனில் வந்து கொடுத்திருக்கிறார். மேனேஜருக்கும் மேலே முதலாளி, முதலாளிக்கு மேலே ஆர்டர் கொடுக்கும் பையர். கப்பல் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு கம்பெனி தலையில். நெருக்கடி நிஜம். ஆனால் இதே முதலாளியின் இன்னொரு யூனிட்டில் இதே பையரின் ஆர்டர் ஓடுகிறது, அங்கே இருக்கும் மேனேஜர் குரல் உயர்த்துவதில்லை. அங்கேயும் கப்பல் போகிறது. 'இந்தத் தொழிலே இப்படித்தான்' என்று சொல்பவர்களிடம் நான் இந்த இரண்டாவது யூனிட்டைப் பற்றிக் கேட்பதுண்டு. பதில் வருவதில்லை.

வீட்டுக்குள்

கம்பெனிக்குள் நடந்தது கம்பெனியோடு நின்றிருக்கலாம். நிற்காததற்குப் பெரிய காரணம் ஒரு வாட்ஸ்ஆப் குழு. ராத்திரி பத்து மணிக்கு மேலும் மேனேஜர் அதில் டேமேஜ் பீஸ் படங்களை லைன் நம்பரோடு போடுவார். கூடவே வாய்ஸ் மெசேஜ். உடனே கேட்டுப் பதில் போடாவிட்டால் மறுநாள் அதற்கும் ஒரு திட்டு.

ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெசேஜ் வந்தது. கை கழுவாமல் இடது கையால் அழுத்தினார், போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், எல்லோரும் தட்டைச் சுற்றி. "உன் லைனை மூடிட்டு மாடு மேய்க்கப் போ" என்ற குரல் ஹால் முழுக்கக் கேட்டது. மூன்றாம் வகுப்புப் பையன் "யாருப்பா அது?" என்றான். பெண் எதுவும் கேட்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தாள் என்று சொல்லி அப்பா அவளை அடித்தார். சிரிக்கவில்லை என்று மாமியாரும் சொல்கிறார், மருமகளும் சொல்கிறார். அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அரிசிம்பருப்பு சாதம் அப்படியே ஆறிக் கிடந்ததாம்.

அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசியபோது தெரிந்தது, அப்பாவை யாரோ திட்டியது அவளுக்குப் பெரிய அதிர்ச்சி. ஆனால் அதை எதிர்த்து அப்பா ஒரு வார்த்தை பேசாமல் "சரிங்க சார்" என்று பதில் மெசேஜ் போட்டது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. அதற்குப் பிறகு அப்பாவுக்கு வருத்தம் தரும் எதையும் அவர் கண்ணில் படவிடக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறாள். நோட்டுப் பக்கம் கிழிந்தது இப்படித்தான்.

இன்னொன்றும் இருந்தது. பிள்ளைகளைக் கணக்குப் போட வைக்கும்போது அவர் நோட்டின் ஓரத்தில் மணி எழுதுவார். ஏழிலிருந்து எட்டுக்குள் இத்தனை கணக்கு. முடியாவிட்டால் அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அந்த நோட்டை மேசையில் விரித்து நான் காட்டும்வரை, அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று அவருக்கே உறைக்கவில்லை.

மனைவியின் பாடும் குறைவில்லை. "ஏனுங் மேடம், கத்தினாக்கூட என்னமோ கேட்டோம்னு இருக்கும். சில நாளு ஒண்ணும் பேசாம செவுத்தைப் பாத்துப் படுத்துக்குவாருங்க. அன்னிக்கு எனக்கும் தூக்கம் வராதுங்க." தூக்கமில்லாமல் செக்கிங் டேபிளில் நின்றால் கண் தப்பும். ஓட்டை இருந்த பீஸை அவர் பாஸ் பண்ணிவிட, அவருடைய சூப்பர்வைசரிடம் அவருக்குத் திட்டு. கணவர் கம்பெனி மேனேஜரின் கத்தல் அந்தம்மா கம்பெனி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

காலண்டர்

துப்பு கொடுத்தது ஒரு மாதக் காலண்டர். மனைவி அதில் பால் கணக்கு எழுதுவார், தன்னுடைய ஷிப்ட் கணக்கு எழுதுவார். கணவர் ஒன்றரை ஷிப்ட் பார்த்து வரும் நாளில் ஒரு கோடு. காலை 8.30க்கு ஏறினால் இரவு ஒன்பதாகும் நாட்கள் அவை. சண்டை வந்த நாட்களை நினைவிலிருந்து பென்சிலால் குறித்துத் தரச் சொன்னோம்.

நாங்கள் எதிர்பார்த்தது, நீண்ட வேலை நாட்களில் சண்டை அதிகமிருக்கும் என்று. கோடுகளும் பென்சில் குறிகளும் அவ்வளவாகப் பொருந்தவில்லை. குறிப்பாக ஒரு நீண்ட இடைவெளி, தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடிய வாரங்கள், வீட்டில் ஒரு குறியும் இல்லை. அந்த வாரங்களில் என்ன என்று கணவரிடம் கேட்டோம். மேனேஜர் வேறொரு ஊரில் புது யூனிட் ஆரம்பிக்கும் வேலைக்குப் போயிருந்தார். காலை மீட்டிங் இல்லை. வாட்ஸ்ஆப் குழுவும் அடங்கியிருந்தது. உடம்பு அலுப்பு அதே அலுப்பு. வீட்டுக்கு வந்து பையனை வண்டியில் ஒரு சுற்று கூட்டிப்போயிருக்கிறார்.

நினைவிலிருந்து குறித்த குறிகளை ஆதாரம் என்று சொல்ல முடியாது, ஒரு குடும்பத்தை வைத்து ஊருக்கே முடிவு கட்டவும் முடியாது. ஆனால் அந்தக் காலண்டரை நடுவில் வைத்து மூன்று பேரையும் உட்கார வைத்ததும் மாமியார் சொன்னார்: "அப்ப எம்மருமகளுமில்ல, நானுமில்லீங்களா கண்ணு?" ஆலோசனையில் அதற்குப் பிறகு வந்த எல்லாமே அந்தக் கேள்வியால் எளிதானது.

ஆய்வுகளோடு ஒப்பிட்டால்

இது திருப்பூருக்கு மட்டுமான நோயும் இல்லை, புதிதும் இல்லை. பென்னட் டெப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2000இல் இதற்கு ஒரு வரையறை தந்தார். கை வைக்காமல், சொல்லாலும் நடத்தையாலும் மேலதிகாரி தொடர்ந்து காட்டும் பகைமை, அதுவும் கீழே இருப்பவர் உணர்கிற விதத்தில். ஒரு நாள் கோபம் இதில் சேராது. 'தொடர்ந்து' என்பதுதான் முக்கியம். இப்படிப்பட்டவரின் கீழ் வேலை செய்பவர்களுக்கு வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே மோதல் அதிகம், வாழ்க்கை மேல் திருப்தி குறைவு, மன உளைச்சல் அதிகம் என்று அவருடைய ஆய்வு காட்டியது.

2006இல் ஜெனி ஹூப்ளர், டேனியல் பிராஸ் இருவரும் ஒரு படி மேலே போய்க் குடும்பத்தாரிடமே கேட்டார்கள். மேலதிகாரியின் கொடுமைக்கு ஆளானவர்கள் வீட்டாரை மட்டம் தட்டுவது கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில் இன்னொரு கண்ணியும் உண்டு: கீழே இருப்பவர்களைக் கொடுமைப்படுத்தும் அதிகாரிகள், நிறுவனம் தங்களுக்குத் தந்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று தாங்களே புழுங்குபவர்களாக இருந்தார்கள். யார் மேல் கோபமோ அவரிடம் காட்ட முடியாதபோது, திருப்பி அடிக்க முடியாதவர் மேல் அது இறங்கும் என்று 1939லேயே யேல் பல்கலைக்கழகத்தில் டாலர்ட் குழுவினர் எழுதிவிட்டார்கள். நம்மூரில் அதை ஆய்வு செய்யாமலே தெரிந்து வைத்திருக்கிறோம்.

எனக்கு இந்த நிகழ்வில் அதிகம் உதவியது 1985இல் கிரீன்ஹவுஸும் பியூட்டலும் செய்த பிரிவினை. வேலை மூன்று வழியாக வீட்டைத் தொந்தரவு செய்யும் என்றார்கள். நேரத்தைத் தின்பது ஒன்று. அழுத்தத்தை உடம்போடு அனுப்புவது ஒன்று. மூன்றாவதை நாம் அடிக்கடி மறக்கிறோம்: வேலையில் பழகிய நடத்தை வீட்டுக்குப் பொருந்தாமல் போவது. ஒன்றரை ஷிப்ட் முதல் வழி. சுவரைப் பார்த்துப் படுப்பது இரண்டாவது. நோட்டில் சிவப்பு வட்டம் மூன்றாவது. நேரத்தைக் குறைத்தால் முதலாவது தீரும், ஓய்வு கொடுத்தால் இரண்டாவது இறங்கும். மூன்றாவது தானாகப் போகாது. அது திறமை போல மனிதனுக்குள் படிந்திருக்கும், அதை வைத்துத்தான் அவர் சம்பளம் வாங்குகிறார்.

செய்ததும் நடந்ததும்

முதலில் போன். இரவு மெசேஜை வீட்டில் கேட்பதில்லை என்று ஒரு ஏற்பாடு. கம்பெனியிலிருந்து வரும் வழியில் வழக்கமாக டீ குடிக்கும் பேக்கரியில் வண்டியை நிறுத்தி, வந்ததைக் கேட்டு, பதில் போட்டுவிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகு வருவது காலையில்தான். மனைவிக்கு இதில் முதலில் உடன்பாடில்லை. "அரை மணி நேரம் லேட்டா வந்தா கடைக்கு யாருங்க போறது?" என்றார். நியாயமான கேள்வி, அந்தக் காலத்தில் கடைக்கு மனைவிதான் போனார். பத்து மணி மெசேஜுக்குக் காலையில் பதில் போட்டதற்குக் கணவர் மீட்டிங்கில் இரண்டு முறை நின்றார். ஆனால் மேனேஜரின் குரல் ஹாலுக்குள் வருவது நின்றது.

இரண்டாவது, மகளிடம் பேசுவது. "என்னைக் கம்பெனில திட்டறாங்க, அதுக்கும் உனக்கும் சம்பந்தமில்ல, அன்னிக்கு உன்னை அடிச்சது தப்பு" என்று அப்பா சொல்ல வேண்டும். இதை அவர் பல வாரம் தள்ளிப்போட்டார். பிள்ளையிடம் தோற்றதாகிவிடும் என்று பயம். கடைசியில் சொன்னபோது மகள் கேட்டது, "நீங்க ஏன் வேற கம்பெனி பாக்கல?" வீட்டில் அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

மூன்றாவது, கம்பெனியில் பேசியது. அவர் சம்மதத்தோடு ஹெச்.ஆர். அலுவலரைச் சந்தித்தோம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னதை அப்படியே, பெயரோடு, அந்த மேனேஜரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்து வந்த நாட்களில் இவருடைய லைனுக்குக் கஷ்டமான ஸ்டைலாகப் பார்த்து வந்தது, மீட்டிங்கில் "வீட்டுச் சண்டையைத் தீர்க்க ஆள் வச்சிருக்காரு" என்று கேலியும் வந்தது. புகாரைக் கேட்கும் ஆள் புகாருக்கு ஆளானவரின் கீழே இருந்தால் இதுதான் நடக்கும்.

சட்டம் எங்கே என்று கேட்பார்கள். வேலை நேரத்துக்கு உண்டு: நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, மிகுந்தால் இரட்டைச் சம்பளம் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே சொல்லியது. பாலியல் தொந்தரவுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம், 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு. பட்டியல் சாதியினரை, பழங்குடியினரைச் சாதியைச் சொல்லித் திட்டினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இவை எதிலும் சிக்காமல், வெறுமனே தினமும் அவமானப்படுத்தும் மேலதிகாரிக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கை இதைப் பணியிட வன்முறையாகப் பார்க்கிறது, வீட்டு வன்முறைக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பையும் அது பேசுகிறது. பக்கத்தில் திண்டுக்கல்லில் 2022இல் பெண் தொழிலாளர் தலைமையிலான சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 25 தொழிலாளருக்கு ஒருவர் என்று தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். புகார் மேனேஜரின் மேசைக்கே திரும்பிப்போகாத ஒரு வழி அது. திருப்பூர்க் கம்பெனிகள் எட்டிப் பார்க்கலாம்.

முதலாளிகளிடம் பேசும்போது நான் குடும்பத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, பீஸைப் பற்றிப் பேசுகிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பங்கெடுக்கும் 'பெட்டர் வொர்க்' திட்டத்தின் ஆடைத் தொழிற்சாலைகளை அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் ஆராய்ந்தபோது, பெண் சூப்பர்வைசர்களுக்கு ஆட்களை நடத்தும் பயிற்சி கொடுத்த லைன்களில் உற்பத்தித் திறன் 22 சதவீதம் உயர்ந்திருந்தது. இந்த எண்ணைச் சொன்னால் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு கேட்கிறார்கள்.

இப்போது

தீபாவளி போனஸ் வாங்கும்வரை பொறுத்திருந்து கணவர் வேலையை விட்டார். திருப்பூரில் கம்பெனி மாறுகிறவர்களுக்கு அதுதான் சீசன். பவர்டேபிள் என்று சொல்லும் சிறு தையல் யூனிட் ஒன்றில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கிறார். சிறிய இடம், முதலாளியே லைனில் நிற்பவர், கோபம் வந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுகிறாராம். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை.

தூக்கம் சீக்கிரம் திரும்பியது. மனைவியோடு பேச்சும். ஆனால் நோட்டில் மணி எழுதும் பழக்கம் புது வேலைக்குப் போன பிறகும் பல மாதம் போகவில்லை. சிவப்பு வட்டம் முதலில் நின்றது, மணி இன்னும் சில நாள் வருகிறது. மகள் இப்போது ஆசிரியர் குறிப்பைக் காட்டுகிறாள், முதலில் பாட்டியிடம், பிறகு அம்மாவிடம், அப்பாவிடம் கடைசியாக.

அவருடைய பழைய லைனில் தைத்த பெண்கள் யாரும் எங்களிடம் வரவில்லை. இவர் அங்கே கத்திய ராத்திரிகளில் அவர்கள் வீடுகளில் என்ன நடந்தது என்பது இந்த ஆய்வில் இல்லை. அவர்களில் இரண்டு பேரிடம் போன் செய்து மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னார். ஒருவர் "விடுங்கண்ணா" என்றாராம், இன்னொருவர் போனை எடுக்கவில்லை.

சம்பளம் குறைந்ததால் சீட்டுப் பணம் கட்டுவதில் இப்போது வீட்டில் வாக்குவாதம் நடக்கிறது. அடுத்த முறை வரும்போது அதைத்தான் பேச வேண்டும் என்று மனைவி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மாமியாரும் கூட வருகிறாராம், இந்த முறை மருமகள் கட்சியில்.